ரியால் மாட்ரிட்டை இரண்டு முறை வென்று கடைசி இடம் பிடித்தவர்

2018–19 ஐரோப்பியக் கால்பந்து சாம்பியன்ஸ் லீக், ஜி பிரிவு. இறுதிப் பட்டியல் இப்படி இருந்தது: ரியால் மாட்ரிட் 12 புள்ளி, ரோமா 9, விக்டோரியா பில்சன் 7, சிஎஸ்கேஏ மாஸ்கோ 7. பில்சனுடன் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் பின்தங்கியதால் சிஎஸ்கேஏவுக்குக் கடைசி இடம். ஆறு ஆட்டங்களில் அவர்கள் ஜெயித்தது இரண்டு. இரண்டும் ரியால் மாட்ரிட்டுக்கு எதிராக. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையை வைத்திருந்த ரியாலை மாஸ்கோவில் 1–0, மாட்ரிட்டில் 3–0 என்று தோற்கடித்துவிட்டு, ஐரோப்பியப் போட்டிகளை விட்டே வெளியேறிய அணி அது.

அந்த அணியின் பயிற்சியாளர் விக்டர் கொன்சரென்கோ. பெலாரஸ்காரர். அவருடைய வாழ்க்கையைப் பல வருடங்களாகத் தூரத்திலிருந்து கவனித்து வருகிறேன். கோப்பைகளை எண்ணினால் அவர் சராசரிக்குக் கொஞ்சம் மேல். யாரையெல்லாம் வீழ்த்தினார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் யாரிடமெல்லாம் தோற்றார் என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

1977 ஜூன் 10-ல் கோமெல் மாகாணத்தின் கொய்னிகி என்ற ஊரில் பிறந்தார். உக்ரைன் எல்லையை ஒட்டிய தெற்குப் பகுதி. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது மிக மோசமாகக் கதிர்வீச்சு படிந்த மாவட்டங்களில் கொய்னிகியும் ஒன்று. அதன் தென்பகுதிக் கிராமங்கள் பல காலி செய்யப்பட்டு, இன்று மனிதர்கள் குடியிருக்கக்கூடாத காப்புக்காட்டுக்குள் கிடக்கின்றன. அப்போது அவருக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. பிற்பாடு மின்ஸ்க் நகரின் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்து, அங்கிருந்து பாட்டே போரிசோவ் கிளப்புக்கு டிஃபண்டராகப் போனார்.

ஆட்டக்காரராக அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாட்டே அணியோடு 1999-லும் 2002-லும் பெலாரஸ் லீக் பட்டம். முழங்கால் காயம். 25 வயதில் ஆட்டம் முடிந்தது. பெரும்பாலான டிஃபண்டர்கள் தங்கள் வேலையைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் வயது அது.

ஆனால் அவர் வந்து சேர்ந்த கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போரிசோவ், மின்ஸ்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, பெரெசினா ஆற்றங்கரையில் இருக்கும் ஆலை நகரம். 1812-ல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படை சின்னாபின்னமானது இதன் அருகில்தான். கார்களுக்கும் டிராக்டர்களுக்கும் மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று அங்கே இருக்கிறது. அதன் பெயரின் முதலெழுத்துகள்தான் பாட்டே. தொழிற்சாலைக்காரர்களின் அணியாக 1973-ல் தொடங்கி, மூன்று முறை சோவியத் பெலாரஸ் குடியரசு அளவிலான பட்டம் வென்று, 1980-களில் கலைந்துபோனது. 1996-ல் அனத்தோலி காப்ஸ்கி அதை மறுபடி தூக்கி நிறுத்தினார். 1998-ல் முதல் பிரிவுக்கு வந்து, அடுத்த வருடமே சாம்பியன். அந்தக் காலத்தில் சொந்த மைதானத்தில் ஐந்தாயிரம் பேருக்குக் கொஞ்சம் அதிகமாக உட்கார முடிந்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவின் பெரிய ஆட்டங்களுக்கு மின்ஸ்க் போய்த்தான் ஆட வேண்டியிருந்தது.

காப்ஸ்கியின் பழக்கம் ஒன்று எனக்குப் பிடிக்கும். வெளியிலிருந்து பெரிய பெயர்களைப் பிடித்து வருவதைவிட, வீட்டுக்குள் வளர்ந்த ஆளிடம் பொறுப்பைக் கொடுப்பார். காயத்தால் ஒதுங்கிய கொன்சரென்கோவை இளையோர் அணிகளின் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு தலைமைப் பயிற்சியாளர் இகர் கிரியுஷென்கோவுக்கு உதவியாளர். 2007 இறுதியில் கிரியுஷென்கோ டினமோ மின்ஸ்குக்குப் போனபோது, 30 வயது இளைஞரிடம் முழு அணியும் வந்தது. ஏற்கெனவே நாட்டின் சாம்பியனாக இருந்த அணி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாழடைந்த வீட்டை அவர் எடுத்துக் கட்டவில்லை.

அடுத்த கோடையில் நடந்ததுதான் எவரும் எதிர்பார்க்காதது. தகுதிச் சுற்றில் ஐஸ்லாந்தின் வாலூர், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட், பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோஃபியா என்று வரிசையாகத் தாண்டினார்கள். ஆண்டர்லெக்டை பிரஸ்ஸல்ஸில் வைத்தே 2–1 என்று தோற்கடித்தார்கள். சாம்பியன்ஸ் லீக் குரூப் கட்டத்தில் ஆடிய முதல் பெலாரஸ் கிளப் பாட்டே. அந்தக் கட்டத்துக்கு அணியைக் கொண்டுவந்த பயிற்சியாளர்களில் அதுவரை மிக இளையவர் 31 வயது கொன்சரென்கோ.

குரூப்பில் யார் யார்? ரியால் மாட்ரிட், யுவென்டஸ், அந்த ஆண்டுதான் யூஃபா கோப்பையை வென்றிருந்த ஜெனித். ரியாலின் கேப்டன் ராவுல் பிறந்தது 1977 ஜூன் 27. அதாவது பாட்டேயின் பயிற்சியாளரைவிட ராவுல் 17 நாள் இளையவர். யுவென்டஸின் டெல் பியரோவும் நெட்வெடும் அவரைவிட மூத்தவர்கள். அவர் வயதுக்காரர்கள் எல்லாம் இன்னும் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருக்க, இவர் கோட்டுக்கு வெளியே கோட் போட்டுக்கொண்டு நின்றார். எந்த முழங்கால் அவரை வெளியே தள்ளியதோ, அதுதான் அவரை இத்தனை சீக்கிரம் இங்கே நிறுத்தியது என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் சினிமாத்தனமான வாக்கியம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

மின்ஸ்கில் யுவென்டஸுக்கு எதிராக 23 நிமிடத்தில் 2–0. கிரிவெட்ஸ் ஒன்று, ஸ்டாசெவிச் ஒன்று. இடைவேளைக்கு முன்பே இயாகின்டா இரண்டையும் திருப்பிவிட்டார், 2–2. ஜெனித்துடன் அவர்கள் ஊரில் 1–1. டூரினில் யுவென்டஸுடன் மறுபடி, 0–0. ரியாலிடம் இரண்டு தோல்வி, மின்ஸ்கில் ஒரே கோலில், அடித்தவர் அதே ராவுல். மொத்தம் மூன்று டிரா, மூன்று புள்ளி, கடைசி இடம். அந்த அணியில் பெரிய விலைக்கு வாங்கப்பட்டவர் யாரும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், யுவென்டஸ் இரண்டு முறை முயன்றும் பாட்டேயை வெல்ல முடியாதது சின்ன விஷயம் அல்ல.

ஐந்து சீசன், ஐந்து லீக் பட்டம், 2008 முதல் 2012 வரை. உள்நாட்டில் பாட்டேவுக்கு எதிரியே இல்லாமல் போனது. இதற்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. சாம்பியன்ஸ் லீக் பணம் ஒரு பெரிய நாட்டுக் கிளப்புக்குப் பத்தோடு பதினொன்று. பெலாரஸ் மாதிரி இடத்தில் அது ஒரே அணியின் மடியில் வந்து கொட்டினால், மற்ற அணிகள் எழவே முடியாது. பாட்டே 2006 தொடங்கி 2018 வரை தொடர்ச்சியாக 13 முறை சாம்பியன். கொன்சரென்கோவின் ஐந்து பட்டங்களுக்கு நான் அதிக மதிப்பெண் போடாததற்கு இதுதான் காரணம். ஐரோப்பாவில் அவர் செய்ததற்குத்தான் மதிப்பெண்.

அதில் உச்சம் 2012 அக்டோபர் 2. நமக்கு அன்று காந்தி ஜெயந்தி விடுமுறை. மின்ஸ்கில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை. வந்திருந்தது யுப் ஹைன்கெஸின் பேயர்ன் மூனிக். அந்த சீசனில் அதுவரை எதிலும் தோற்காத அணி. லாம், ஷ்வைன்ஷ்டைகர், முல்லர், ரிபெரி, க்ரூஸ் எல்லாரும் ஆடினார்கள். பாட்டே பக்கம் வெளியுலகம் அறிந்த பெயர் ஒன்றே ஒன்று: ஆர்சனல், பார்சிலோனா எல்லாம் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருந்த அலெக்சாந்தர் ஹ்லெப். பந்து பெரும்பாலும் பேயர்னிடமே இருந்தது. 23-வது நிமிடத்தில் பாவ்லோவ் ஒரு கோல். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேயர்ன் தட்டிக்கொண்டே இருந்தார்கள், கதவு திறக்கவில்லை. 78-ல் ரோடியோனோவ் இரண்டாவது. கடைசி நேரத்தில் ரிபெரி ஒன்றைக் குறைத்தார். சரி, இனி என்ன ஆகுமோ என்று இருக்கும்போது ப்ரெஸ்ஸான் மூன்றாவது. 3–1.

அந்த பேயர்ன்தான் அதே சீசனில் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. அந்த சாம்பியன்ஸ் லீகில் அவர்கள் தோற்றது மொத்தமே இரண்டு ஆட்டம். ஒன்று ஆர்சனலிடம், மற்றது பாட்டேயிடம். லீல் அணியை பிரான்ஸ் மண்ணிலேயே 3–1 என்று வென்றுவிட்டு வந்திருந்ததால், இரண்டு ஆட்டங்கள் முடிந்த நிலையில் குரூப்பில் முதலிடம் போரிசோவ் தொழிற்சாலை அணிக்கு.

பிறகு நான்கு ஆட்டம், நான்கு தோல்வி. வலென்சியாவிடம் இரண்டு, பேயர்னிடம் ஒன்று, லீலிடம் சொந்த நாட்டில் 0–2. லீலிடம் வாங்கிய இந்தத் தோல்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். லீல் அந்தக் குரூப்பில் எடுத்த மொத்தப் புள்ளிகளே அந்த மூன்றுதான்.

மூன்றாவது இடம் பிடித்ததால், சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீகுக்குப் போனார்கள். அங்கே பிப்ரவரியில் ஃபெனர்பாசேவிடம் 0–0, 0–1. அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே கட்டத்தில் பாரிஸ் சென்ட் ஜெர்மனுடன் 2–2, 0–0. மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்த அணி முன்னேறும் என்ற அன்றைய விதியால் வெளியே. இரண்டு முறையும் ஒரு நூல் இடைவெளி. இதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது, பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பெலாரஸ் லீக் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். பிப்ரவரியில் அங்கே பனி. பாட்டே ஆட்டக்காரர்கள் டிசம்பரில் ஆடிய கடைசிக் குரூப் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமல், வெறும் முகாம் பயிற்சியோடு, சீசனின் நடுவில் சூடாக இருக்கும் அணியைச் சந்திக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

பார்சிலோனாவிடம் மட்டும் எதுவும் பலிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் மின்ஸ்கில் 0–5, அங்கே 0–4. அந்த பார்சிலோனாவிடம் யாருக்குத்தான் பலித்தது?

2013 இறுதியில் ரஷ்யாவின் குபான் கிரஸ்னதாருக்குப் போனார். அடுத்த மூன்று வருடம் அலைச்சல். குபானில் ஒரு வருடம், உரால் அணியில் சில மாதம், நடுவில் சிஎஸ்கேஏவில் லியோனித் ஸ்லுட்ஸ்கிக்கு உதவியாளர், பிறகு ஊஃபாவில் அரை சீசன். ஐந்து முறை சாம்பியனான ஆள் மறுபடி உதவியாளராக உட்கார்ந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கௌரவம் பார்த்திருந்தால் பின்னால் சிஎஸ்கேஏ அவருக்குக் கிடைத்திருக்காது. ஸ்லுட்ஸ்கியின் கதையும் இங்கே தொடுகிறது. அவர் 19 வயதில் பக்கத்து வீட்டுப் பூனையைக் காப்பாற்ற மரத்தில் ஏறி, விழுந்து, முழங்கால் நொறுங்கி ஆட்டத்தை விட்டவர். முழங்கால் போன இருவர் ஒரே பெஞ்சில். ஏழு வருடம் இருந்துவிட்டு 2016 டிசம்பரில் ஸ்லுட்ஸ்கி விலக, அந்த நாற்காலி கொன்சரென்கோவுக்கு வந்தது.

முதல் ஒன்றரை வருடம் அவர் கையில் இருந்தது கிழட்டுச் சிங்கங்கள். பெரெசுட்ஸ்கி இரட்டையர்கள், 38 வயதை எட்டிக்கொண்டிருந்த இக்னஷேவிச். மூன்று பேரையும் பின்வரிசையில் சேர்த்து நிறுத்தினார், ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்தார். இரண்டு முறையும் லீகில் இரண்டாம் இடம். 2017–18 சாம்பியன்ஸ் லீகில் பென்ஃபிகாவை இரண்டு முறை வென்றார்கள். மாஸ்கோவில் நடந்த ஆட்டம் 2–0. கோல்கீப்பர் அகின்ஃபெயெவ் தொடர்ந்து 43 சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் கோல் வாங்கியிருந்த விசித்திர வரிசை அன்று முடிந்தது. பதினொரு வருடத்துச் சுமை அது. பிறகு யூரோப்பா லீகில் லியோனை அவர்கள் ஊரில் 3–2 என்று வென்று முன்னேறி, காலிறுதியில் ஆர்சனலிடம் முடிந்தது. லண்டனில் 1–4 வாங்கியும், மாஸ்கோவில் 2–0 முன்னிலை பெற்று இன்னும் ஒரு கோல் போதும் என்ற நிலைக்கு இழுத்து வந்தார்கள். அப்புறம் வெல்பெக், ராம்சி, 2–2.

2018 கோடையில் அந்த அணி அப்படியே கரைந்தது. இரட்டையர்களும் இக்னஷேவிச்சும் ஓய்வு. கொலோவின் மொனாக்கோவுக்கு விற்பனை. வந்தவர்கள் எல்லாம் இருபதை ஒட்டிய பையன்கள்: ஸ்லொவேனியாவின் பியோல், ஐஸ்லாந்தின் சிகுர்ட்சன், உள்நாட்டு ஒப்லியாகோவ், அக்மெத்தோவ், எவர்டனிடமிருந்து இரவலாக வந்த குரோஷியாவின் விளாசிச். முன்னால் கிளப்பிலேயே வளர்ந்த சலோவ்.

பேயர்ன் ஆட்டத்துக்குச் சரியாக ஆறு வருடம் கழித்து, மறுபடி அக்டோபர் 2. எதிரில் ரியால். மாஸ்கோவின் லுஷ்னிக்கி மைதானத்தில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். இரண்டாவது நிமிடத்தில், இப்போது ரியாலுக்கு ஆடிய க்ரூஸ் பின்னோக்கிக் கொடுத்த பந்து தவற, இரண்டு நாளில் 21 வயது ஆகப்போகும் விளாசிச் கோல் அடித்தார். அதற்குப் பிறகு ரியால் மூன்று முறை கம்பத்தில் அடித்தது. அதிர்ஷ்டம் இல்லை என்று சொன்னால் பொய். கடைசியில் நடுவரிடம் பேசி அகின்ஃபெயெவ் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு போனதும் நடந்தது. ஆனாலும் 1–0.

டிசம்பர் 12, ரியாலின் பெர்னபெயு மைதானத்தில் சலோவ், ஷென்னிகோவ், சிகுர்ட்சன் ஆளுக்கொன்று. ஐரோப்பியப் போட்டிகளில் தன் சொந்த மைதானத்தில் ரியால் அதுவரை இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. ரியாலுக்கு முதலிடம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது, இளைஞர்கள் சிலரை இறக்கியிருந்தார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் கூர்த்துவா, மார்செலோ, இஸ்கோ, பென்சிமா எல்லாம் இருந்த அணிதான் அது. அதே நேரத்தில் பில்சன் ரோமாவை 2–1 என்று வென்றதால் சிஎஸ்கேஏ கடைசிக்குப் போனது.

என் கேள்வி பில்சன் பற்றியதுதான். செக் அணியிடம் அங்கே 0–2 பின்தங்கி, கடைசி நிமிட பெனால்டியால் 2–2. மாஸ்கோவில் 1–0 முன்னிலை பெற்று, இரண்டாம் பாதியில் இரண்டு வாங்கி 1–2. அந்த ஆட்டத்தை வெறுமனே டிரா செய்திருந்தாலே மூன்றாம் இடம் அவர்களுடையது. ரியாலை வென்ற ஆள் பில்சனிடம் தடுமாறியது தற்செயல் என்றால் விட்டுவிடலாம். 2019–20 யூரோப்பா லீகில் எஸ்பான்யோல், லுடோகோரெட்ஸ், ஃபெரன்ஸ்வாரோஸ் இருந்த குரூப்பில் கடைசி. 2020–21-ல் டினமோ ஜாக்ரெப், வொல்ஃப்ஸ்பெர்க், ஃபெயனூர்ட் இருந்த குரூப்பில் கடைசி, ஆறு ஆட்டத்தில் மூன்று புள்ளி. பாட்டே காலத்தில் லீலிடம் வாங்கிய 0–2-ஐயும் இதோடு சேருங்கள்.

எனக்குத் தோன்றுவது இது. பந்து எதிரியிடம் இருக்கும் ஆட்டத்துக்கு அணியைத் தயார்செய்வதில் கொன்சரென்கோ கெட்டிக்காரர். இடைவெளி விடாமல் நிற்பது, பொறுத்திருப்பது, தவறு நேரும் நொடியில் பாய்வது, இவையெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. பேயர்ன், ரியால் போன்ற அணிகள் பந்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு இவருக்குப் பிடித்த ஆட்டத்தை ஆட விடுகின்றன. பில்சனோ ஃபெரன்ஸ்வாரோஸோ மாஸ்கோவுக்கு வந்தால் பந்தை சிஎஸ்கேஏவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கும். அப்போது கதவைத் தட்ட வேண்டியவர் இவர், அது அவருக்கு ஒத்துவரவில்லை. பெலாரஸ் லீகில் தட்டினாலே திறந்தது, ஏனென்றால் பாட்டேயிடம் இருந்த ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட அவ்வளவு மேல். ரஷ்ய லீகில் அந்த வசதி இல்லை. கடைசி இரண்டு முழு சீசனிலும் நான்காம் இடம்.

ஒவ்வொரு கோடையும் அணி கரைந்தால் எந்தப் பயிற்சியாளராலும் தாக்குதல் ஆட்டத்தை நிதானமாகக் கட்ட முடியாது என்று யாராவது சொன்னால், பாதி ஒப்புக்கொள்வேன். தற்காப்பைச் சில வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஆட்டக்காரர்களுக்குள் புரிதலோடு பந்தை நகர்த்துவதற்கு நாளாகும். மீதிப் பாதியை ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம், நான்கு வருடம் என்பது குறைவான காலம் இல்லை.

2021 மார்ச்சில் சிஎஸ்கேஏவை விட்டு விலகினார், அவர் இடத்துக்கு இவிட்சா ஒலிச் வந்தார். அடுத்து, பந்தை வைத்து ஆடுவதையே கொள்கையாக வைத்திருந்த கிரஸ்னதார் கிளப் (குபான் அல்ல, அதே ஊரின் வேறு கிளப்). அவரை ஏன் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. 2022 ஜனவரியில் அதுவும் முடிந்து, டானியல் ஃபார்க்கே வந்தார்; உக்ரைன் போர் தொடங்கியதால் ஓர் ஆட்டம்கூட நடத்தாமல் அவரும் கிளம்பிவிட்டார்.

கொன்சரென்கோ மறுபடி உரால் அணிக்குப் போனார். எகாடெரின்புர்க் நகரத்துச் சாதாரண அணி, அப்போது லீகில் கீழ்ப்பாதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அணி. 2023 ஜூனில் அதை ரஷ்யக் கோப்பை இறுதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிரில் சிஎஸ்கேஏ, மைதானம் லுஷ்னிக்கி. 1–1. பெனால்டியில் சிஎஸ்கேஏ 6–5.